மூக்கன் இறந்துவிட்டதாக நான் எழுதியது

அன்புள்ள அம்மா, ஏழுகடவுக்காரர்களின் மூக்கேட்டனே,

நலமா என்று கேட்டால் நீயே சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. இங்கே எல்லாம் அதன் பாட்டுக்கு நடக்கிறது. பஜார் ரோட்டில் சுக்கு ஏற்றிய லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஆட்டோக்காரர்கள் கத்துகிறார்கள். ஆடுகள் நம் வாசற்படியில் படுத்திருக்கின்றன, நான் தாண்டிப் போகிறேன். கேஸ் சிலிண்டர் உன் பேரில் வந்தது. வாங்கி வைத்தேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எல்லாருக்கும் அதுதான் கவலை. ஆலுவா மணல்புறத்தில் உனக்குப் பலிப் பிண்டம் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்த கும்பளங்கி மாமா என் முகத்தைப் பார்த்து, "எடி கீதே, நீ ஒண்ணு கரைஞ்சு தீர்த்துடு. உள்ள வெச்சா கேடாக்கும்" என்றார். "கரையறேன் மாமா" என்று சொல்லிவிட்டு அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். அழுகிற பாட்டைக் காணோம். உன் தம்பிக்கு என் மேல் கொஞ்சம் கோபம்கூட.

அடுத்த வீட்டுப் பீவித்தா தினமும் கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டு, "மோளே, வல்லதும் கழிச்சோ?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். சாப்பிடவும் செய்கிறேன், பாத்திரத்தைக் கழுவித் திருப்பியும் கொடுக்கிறேன். தோப்பும்படிக்கு வேலைக்கும் போகிறேன். எங்கள் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு அனுப்பும் ஆட்கள் வெளியே வந்து உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படித்தான் இருக்கிறது எனக்கு. தொடுகிறேன், தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை ஊர் பார்க்க எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏழுகடவு ஆட்களும் படிப்பார்கள், ஏழுகடவு என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் படிப்பார்கள். நீ போன பிறகு அங்கே நான் ஒரு பெரிய குளறுபடி செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏழுகடவு, அதாவது ஏழு படகுத்துறை, என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு ஊர். பாலக்காட்டில் ஒருவர் தன் வீட்டு அறையில் அந்த சர்வரை ஓட்டுகிறார். எல்லாரும் அவரைக் காரணவர் என்று கூப்பிடுகிறார்கள், வீட்டுக்குப் பெரியவர் என்ற அர்த்தத்தில். திரையில் சின்னதாக ஒரு வரைபடம், அதில் நகரும் பொம்மைகள், கீழே எழுத்து. ராட்சதர்கள், மந்திரவாதிகள், தவளை ராணிகள் எல்லாம் அங்கே குடியிருப்பவர்கள். தமிழும் மலையாளமும் கலந்து எழுதிக்கொள்வார்கள். ஒருவரும் தன் உண்மைப் பேரில் வரமாட்டார்கள்.

அந்த ஊரைக் கண்டுபிடித்தது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு, எலியை அடிப்பதும் வாள் வாங்குவதும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். நீ என் பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாய். மலைச்சரக்குக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம். ரெண்டு நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன். நீ அங்கே போய்க் குடியேறிவிட்டாய்.

அதுவும் எப்பேர்ப்பட்ட ஆளாக! கடைக்காரன் தவறிப்போய் ஒரு கொத்து கருவேப்பிலை கூடுதலாகப் போட்டாலும் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருபவள் நீ. அங்கே நீ மூக்கன். ஒற்றைக் கண், பெரிய மூக்கு, வாயைத் திறந்தால் புளுகு, சுங்கச்சாவடியை ஏமாற்றிச் சரக்குக் கடத்துகிற கிழவன். எதையும் மோப்பம் பிடித்தே சொல்லிவிடுவான். மலையாளப் பிள்ளைகள் மரியாதையாக, அண்ணன் என்ற அர்த்தத்தில் ஏட்டன் சேர்த்து மூக்கேட்டன் ஆக்கிவிட்டார்கள். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்த ஊரில் குவெஸ்ட் என்று ஒன்று உண்டு. யாராவது ஒருவர் ஒரு காரியத்தை ஏவுவார், மற்றவர்கள் கூட்டம் சேர்ந்து அதை முடிக்க வேண்டும். சர்வர் தானாகக் கொடுப்பது எல்லாம் பத்து எலியைக் கொல் வகை. ஆடுபவர்களே ஒருவருக்கொருவர் கட்டிக் கொடுப்பதுதான் அங்கே பெரிது. நீ அதை ஏற்பாடு என்பாய். "எடி, இன்னைக்கு எனக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, நீயே தோசை வார்த்துக்கோ" என்று எத்தனை சாயங்காலம் சொல்லியிருக்கிறாய். கல்யாண விருந்துக்கு வர வெட்கப்படுகிற ராட்சதனுக்கு அவன் அளவுக்குப் பாய் முடைய வேண்டும். அரண்மனைப் பாயசத்தில் சமையல்காரன் எதைப் போட மறந்தான் என்று கண்டுபிடிக்க வேண்டும். உன் ஏற்பாட்டில் யாரும் யாரையும் வெட்டினது இல்லை. ஆனாலும் மந்திரவாதிகள் எல்லாம் வாளை வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

கடைசியாக நீ ஆரம்பித்து வைத்தது உப்புக் கிடங்கு. ஊருக்கு மேற்கே பூட்டிக் கிடக்கும் கிடங்கு, அதன் கதவை யாரும் திறந்ததில்லை, மூக்கன் மட்டும் வெளியே நின்று முகர்ந்து பார்த்து, "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியணும்னா உழைக்கணும்" என்றான். அவர்கள் உழைக்கத் தொடங்கின வாரத்தில்தான் நீ காலையில் அடுக்களை வாசலைப் பிடித்துக்கொண்டு தலை சுற்றுகிறது என்றாய். ஆட்டோவில் போகும்போது நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாய். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறு வாரம் கரண்ட் பில் கட்டுவதற்காக லேப்டாப்பைத் திறந்தேன். நீ அதை அணைக்கவே மாட்டாய், மூடி மட்டும் வைப்பாய். திரையில் மூக்கன் சந்தை முக்கில் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் குவிந்து கிடந்தது. மூக்கேட்டா எவ்விடெயா? மூக்கேட்டா, மிளகு கிடைச்சாச்சு, அடுத்தது என்ன? மூக்கேட்டா, சுகமில்லையா?

தகவல் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. பால்காரனுக்குச் சொன்னோம், சிலிண்டர் ஏஜென்சிக்குச் சொன்னோம், இவர்களுக்கும் சொல்ல வேண்டாமா? கிளினிக்கில் நோயாளிக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன். "மூக்கன் இறந்துவிட்டார். இனி வரமாட்டார். மன்னிக்கவும்."

எனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது அம்மா. நான் விட்டுவிட்டு வந்த பிறகு அந்த ஊரில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தெருவில், சந்தையில், கடவில் யார் என்ன எழுதினாலும் அது கதை. சொந்த வாழ்க்கையைப் பேச வேண்டுமென்றால் அதற்கென்று மூலையில் ஒரு சாயாக்கடை வைத்திருக்கிறார்கள், அங்கே போய்த்தான் பேச வேண்டும். தெருவில் நின்று எனக்கு நாளைக்குப் பரீட்சை என்று ஒருவன் எழுதினால், ஏதோ மந்திரப் பரீட்சை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். நான் உன் சாவைச் சந்தை முக்கில் நின்று எழுதிவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே குதூகலம். பாறையப்பன் என்று எட்டடிக் கல் ராட்சதன் ஒருவன் உண்டே, உன் ஏற்பாடு ஒன்றையும் விடாதவன், அவன் முதல் ஆளாக மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தான். தவளை ராணி, "ஐயோ மூக்கேட்டன் மரிச்சோ! ஆரா கொன்னது?" என்று ஊரைக் கூட்டினாள். இறந்தவன் வாயில் இருந்தே செய்தி வந்ததால், பேசுவது மூக்கனின் ஆவி என்று முடிவு செய்துவிட்டார்கள். இதுவரை வந்த ஏற்பாடுகளில் இதுதான் உச்சம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

திருத்தப் பார்த்தேன். "இது கதை இல்லை. உண்மையாகவே இறந்துவிட்டார்" என்று எழுதினேன்.

"கேட்டீர்களா!" என்றான் பாறையப்பன். "உண்மையாகவே என்கிறது ஆவி. அப்படியானால் பொய்யாக இறந்த மூக்கன் ஒருவன் எங்கோ ஒளிந்திருக்கிறான்!"

"ஆஸ்பத்திரியில் இறந்தார்" என்று எழுதினேன்.

அவ்வளவுதான், எல்லாரும் வைத்தியன் வீட்டுக்கு ஓடினார்கள். அந்த வைத்தியனும் யாரோ ஒரு பையன் ஆடுகிற ஆள்தான். "ஞான் ஒண்ணும் செய்தில்லே" என்று அவன் அலற அலறப் பிடித்துக் கட்டிக் கொண்டுபோய்ச் சாவடியில் அடைத்தார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க ஒரு ஆள் உள்ளே போவான் போலிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? நிறுத்தினதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அவர்கள் அழுவதைப் படிக்க எனக்கு வேண்டியிருந்தது.

வேலை முடிந்து வந்ததும் சாயா போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைத்தான் படித்தேன். ஏழாம் கடவில் மூக்கனுக்கு அடக்கம் நடந்தது. உடல் கிடைக்காததால் வாசனைகளை வைத்து அடக்கம் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வாசனையைக் கொண்டு வந்து படகில் வைக்க வேண்டும். காய்ந்த கணவாய் என்று ஒருவன் எழுதினான். நனைந்த சாக்கு, இடித்த ஏலத்தோல், புதுப் பாய் என்று வைத்துக்கொண்டே போனார்கள். தவளை ராணி, மூக்கேட்டன் சொன்ன பொய்கள் என்று எழுதி ஒரு வெறும் டப்பாவை வைத்தாள். நம் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள், ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா, எத்தனை பேருக்குச் சாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படகைப் பார்த்தபோது, இதுதான் உனக்குப் பொருத்தமான அடக்கம் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் பாறையப்பன் தனியாக ஒரு வரி அனுப்பினான். சேட்டா, ஒரு நிமிஷம் சாயாக்கடைக்கு வரீங்களா என்று. அப்போதுதான் அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியும்.

போனேன். தவளை ராணி ஒரு மூலையில் உட்கார்ந்து, "இன்னு ட்யூட்டி கழிஞ்ஞப்போ காலு முழுவன் நீரு" என்று யாரிடமோ கால் வீக்கத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். ஷார்ஜாவில் ஹோட்டலில் சமையல் செய்யும் கொல்லத்துக்காரன் அவன் என்று பேச்சில் தெரிந்தது. பாறையப்பனைப் பார்த்தால், அது ஒரு பெண். செல்வி என்று பேர். தேனிப் பக்கத்துப் பெண், நமக்கு அக்கரையில் எறணாகுளம் பிராட்வேயில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறாள். படகு ஏறினால் வந்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறாள். உனக்கு இது தெரியுமா? நீ சாயாக்கடைக்கு அதிகம் போனதே இல்லை என்கிறார்கள். போனாலும், வீட்டில் வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாயாம்.

"மூக்கேட்டா, சூப்பரா போகுது" என்று எழுதினாள் செல்வி. "ஆனா ஒண்ணு கேக்கணும். கடைசில நீங்க வந்துருவீங்கள்ல? சும்மா விளையாட்டுக்குத்தான சாகடிச்சிருக்கீங்க?"

நான் யோசிப்பதற்குள் அவளே அடுத்த வரியை அனுப்பினாள்.

"இல்ல, கேட்டேன். ஹாஸ்டல்ல எல்லாரும் போனும் கையுமா இருப்பாங்க. கடையில நாள் பூரா நிப்போம், பேசக்கூடாது. நீங்கதான் தெனமும், பாறையப்பா, கல்லுக்குப் பசிக்காதோன்னு கேப்பீங்க. நானும் அதுக்காகவே சாப்பிட்டுட்டு வருவேன். ஆவி வந்ததுலேர்ந்து கேக்கவே இல்ல. அதான் ஒரு மாதிரி இருக்கு."

அம்மா, அதுதான் இடம். அங்கே சொன்னால் அது உண்மை, யாரும் அதைக் கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில், "கதவு திறக்கும்போது தெரியும்" என்று எழுதிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது பச்சைப் பொய். மூக்கன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

கதவு திறக்கும்போது! உப்புக் கிடங்குக்குள் என்ன வைத்திருந்தாய் நீ? கதவைத் தொட்டால் ஒரு அறிவிப்பு வருகிறது, ஏற்பாடு செய்தவர் மட்டுமே திறக்க முடியும் என்று. நான் உன் ஆளுக்குள் இருப்பதால் எனக்குத் திறக்கும். ஆனால் உள்ளே என்ன என்று எழுத வேண்டியது ஏற்பாட்டுக்காரர்தான், சர்வர் எதுவும் வைத்திருக்காது. லேப்டாப் முழுக்கத் தேடினேன், அலமாரியைத் தேடினேன், உன் மாத்திரைப் பெட்டியைக்கூடத் தேடினேன். நீ எங்கும் ஒரு வரி குறித்து வைக்கவில்லை. எல்லாம் தலையிலேயே வைத்திருப்பாய். சாம்பாருக்கும் அப்படித்தான், அளவு கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் நீ விட்ட இடத்தில் இருந்து தாங்களே துப்புத் துலக்கி எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து கதவின் முன் நின்றார்கள். ஊரே வந்திருந்தது. அந்த அப்பாவி வைத்தியனையும் விடுதலை செய்து அழைத்து வந்திருந்தார்கள். பாறையப்பன் முன்னே வந்து, "ஆவியே, நீ விட்டுப்போனதை எல்லாம் செய்து முடித்தோம். கதவைத் திற" என்றான். பீவித்தா வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. இருந்திருந்தால் நீ என்ன மீன் என்று சொல்லியிருப்பாய்.

திறந்தேன். உள்ளே என்ன என்று எழுத வேண்டும். எனக்குக் கதை வராது அம்மா, உனக்கே தெரியும். அதனால் நிமிர்ந்து பார்த்தேன், எதிரில் இருந்ததை எழுதினேன்.

"ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், அதில் மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறது. ஜன்னல் திட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி. சுகர் மாத்திரை பாதி அட்டை. முழங்காலுக்குத் தடவும் தைலம். நாற்காலியில் ஒரு தலையணை, முதுகுக்கு. வேறு யாரும் இல்லை."

நான் நிறுத்தாமல் எழுதினேன். "மூக்கன் என்று எழுதிக்கொண்டிருந்தவர் இருந்த அறை இது. அவர் போய்விட்டார். நான் அவருடைய மகள். மட்டாஞ்சேரியில் இருந்து எழுதுகிறேன்."

ஏழுகடவில் இதுவரை யாரும் நிஜமான ஊர்ப்பேர் ஒன்றைத் தெருவில் எழுதினது இல்லையாம். ஆஸ்பத்திரியை அவர்கள் வைத்தியன் வீடு ஆக்கிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியை என்ன ஆக்க முடியும்? திரையில் அத்தனை பொம்மைகளும் அசையாமல் நின்றன.

பிறகு பாறையப்பன் எழுதினான். சாயாக்கடைக்குப் போகாமல், நடுத்தெருவில், சட்டத்தை மீறி. "என் பேரு செல்வி. எறணாகுளம் பிராட்வே."

"ஞான் ஷாஜி" என்று தவளை ராணி எழுதினாள். "கொல்லம். இப்போ ஷார்ஜா."

வைத்தியன் எழுதினான், கோயம்புத்தூரில் பார்மசி படிக்கிறானாம். அப்படியே ஒவ்வொருவராகத் தன் பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு போனார்கள். தெருவில் சொந்தப் பேச்சு பேசினால் ஆளை வெளியே தள்ளிவிடுகிற காரணவர், கடைசியில் வந்து தன் பேரையும் பாலக்காட்டில் தன் தெருப்பேரையும் எழுதினார். அத்தனை பேரும் உனக்காக எழுந்து நின்ற மாதிரி இருந்தது. நான் நன்றி என்று எழுதினேன். என்னவோ பில்லுக்கு ரசீது கொடுப்பவள் போல.

காரணவர் பிறகு தனியாக எழுதினார். அவர்கள் ஊரில் ஒரு ஆளின் சாவை அந்த ஆளை ஆடுபவர்தான் எழுத வேண்டுமாம், வேறு யார் எழுதினாலும் செல்லாது. "உங்க அச்சன் எழுதல்லியே. அதனால எங்க கணக்குல மூக்கன் மரிக்கல. நீங்க வேணும்னா எடுத்து நடத்தலாம், மோளே. யாரும் மறுத்து ஒண்ணும் பறைய மாட்டாங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அச்சன், அதாவது அப்பா, என்று அவர் உன்னைச் சொன்னதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

செல்வி விலாசம் கேட்டாள், கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகில் வந்துவிட்டாள். வாசலில் பீவித்தா நின்றிருந்தாள். வந்த பெண் உயரத்தில் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, நான்தான் பாறையப்பன்" என்றாள். பீவித்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கையில் ஒரு பாக்கெட் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை. உன் போட்டோவை ஃபிரேம் போடக் கொடுத்திருந்தேன், கடைக்காரன் இரண்டு தரம் போன் செய்துவிட்டான், நான் போய் வாங்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

"அப்பாக்குத் திடீர்னு ஆயிருச்சாக்கா?" என்றாள் மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை. அப்பா போனது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, இவளுக்கு எப்படித் தெரியும் என்று குழம்பிக்கொண்டு நின்றேன். அவள் தொடர்ந்து பேசினாள். "நான் வழியெல்லாம் உங்கம்மாவத்தான் நெனச்சுட்டே வந்தேன். இனிமே தனியாயிட்டாங்கல்ல. அவங்களப் பாத்துட்டுத்தான் போவேன். உள்ள இருக்காங்களா? அம்மாவக் கூப்பிடுங்கக்கா."

நான் உள் அறைப் பக்கம் திரும்பினேன் அம்மா. திரும்பி, வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என்று கூப்பிடப் போனேன். பாதி கூப்பிட்டும்விட்டேன்.

எட்டடி ராட்சதனாக அவள் ஆடலாமாம், ஒற்றைக்கண் கிழவனாக உன்னை அவளால் நினைக்க முடியவில்லையாம். ஆனால் எனக்கு அப்போது அது எதுவும் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா செத்துப்போயிட்டா" என்றேன்.

அதுவரை நான் அதைச் சொல்லவே இல்லை. சொந்தக்காரர்களுக்கு மாமா சொன்னார், தெருவுக்குப் பீவித்தா சொன்னாள். கிளினிக்கில், வீட்டில் ஒரு காரியம் என்று சொன்னேன். ஏஜென்சியில் அவங்க இப்ப இல்லை என்றேன். ஏழுகடவில் இறந்தது மூக்கன். கதவைத் திறந்தபோதுகூட, எழுதிக்கொண்டிருந்தவர் போய்விட்டார் என்றுதான் எழுதினேன்.

செல்வி பதறி எழுந்துவிட்டாள். "அய்யோ, அக்கா! ரெண்டு பேருமா?"

"இல்ல" என்றேன். "ஒருத்திதான். மூக்கன் எங்கம்மா."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன்னிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்தேன். சொல்ல முடியாது என்று உடனே தெரிந்தது, அப்போதுதான் அழுதேன். சாதாரண அழுகை இல்லை, தெருவுக்குக் கேட்கிற அழுகை. பீவித்தா ஈரக் கையோடு ஓடி வந்து, "ஹாவூ, இப்பொழெங்கிலும் கரஞ்ஞல்லோ" என்று, இப்போதாவது அழுதேனே என்ற நிம்மதியில், என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மீன் வாசனை அடித்தது. வலித்தது அம்மா, எல்லா இடத்திலும் வலித்தது. இன்னும் வலிக்கிறது. பாதி நேரம் மரத்துத்தான் இருக்கிறேன், ஆனால் நடு நடுவே விடுகிறது.

செல்வி அன்றைக்குச் சாயங்காலம் வரை இருந்தாள். உன் நாற்காலியில் உட்காரட்டுமா என்று கேட்டு உட்கார்ந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

காரணவருக்கு நேற்று பதில் எழுதிவிட்டேன். மூக்கனை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சந்தை முக்கிலேயே நிற்கட்டும், அவன் உன்னுடைய ஆள், அவன் வாயால் நான் பேசினது போதும். உப்புக் கிடங்குக்குள் நீ என்ன வைத்திருந்தாய் என்று யாருக்கும் தெரியாமலே போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குப் போய்ப் போட்டோவை வாங்கி வருவேன். முன் சுவரில், வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் மாட்டுவேன். இனி யார் கேட்டாலும், சிலிண்டர் கொண்டு வருகிறவன் கேட்டாலும், வீட்டில் ஒரு காரியம் என்று மழுப்ப மாட்டேன். அம்மா செத்துப்போயிட்டா என்று முழுசாகச் சொல்வேன். சொல்லும்போது அழுகை வந்தால், கேட்டவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகட்டும்.

மட்டாஞ்சேரியில் இருந்து,
உன் ஒரே மகள்,
கீதா